ஆரஞ்சுத் தோலும் வேப்பம் புண்ணாக்கும் கொசுப் புழுவும்

கேள்வி: ஆரஞ்சுத் தோலை நான்கு நாள் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைத் தோட்டத் தொட்டியில் ஊற்றினேன். கொசுப் புழு குறையவில்லை, கூடியதுபோல் தெரிகிறது. ஏன்?

கூடியே இருக்கும். தோலை மடக்கினால் பீய்ச்சி அடிக்கிறதே, அந்த எண்ணெயில்தான் புழுவைக் கொல்லும் லிமோனீன் இருக்கிறது. அது தண்ணீரில் கரையாது. ஆய்வுக்கூடத்தில் எண்ணெயைத் தனியாக வடித்தெடுத்து, அளவு பார்த்துக் கலக்கிறார்கள். வீட்டில் ஊறவைக்கும்போது இறங்குவது பெரும்பாலும் சர்க்கரையும் புளித்த சாறும்தான். அதில் பாக்டீரியா பெருகும், புழுவுக்கு அதுவே சாப்பாடு. போதாததற்கு, அழுகல் வாடையைத் தேடித்தான் கியூலெக்ஸ் கொசு முட்டையிட வரும். வைக்கோல் ஊறிய தண்ணீரை வைத்தே ஆய்வாளர்கள் அதைப் பொறியில் பிடிக்கிறார்கள். தொட்டியைக் காலி செய்யுங்கள், தோல் உரக்குழிக்குப் போகட்டும்.

கேள்வி: வீட்டோரச் சாக்கடையில் வேப்பம் புண்ணாக்கு போட்டேன். மறுநாளும் புழு நெளிகிறதே?

நெளியத்தான் செய்யும், அவசரப்பட வேண்டாம். தாவரக் கழிவுகளில் நான் மனசார நம்புவது இதைத்தான். மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் 1990களில் நெல்வயல்களில் வேம்பைப் போட்டுப் பார்த்தது. மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுக்களின் புழு குறைந்தது. ஆனால் இது உடனே கொல்லும் விஷம் இல்லை. இதிலுள்ள அசாடிராக்டின் புழு தோலுரிப்பதைக் குழப்புகிறது. முட்டையிலிருந்து வந்த புழு கூட்டுப்புழு ஆவதற்கு 4 முறை தோலுரிக்க வேண்டும். அங்கேதான் அது மாட்டிக்கொள்கிறது. காற்புள்ளிபோல் சுருண்டிருக்கும் கூட்டுப்புழு எதையும் தின்னாது, அதனால் அந்த நிலைக்குப் போகும் முன்பே போட வேண்டும். வெயிலில் சத்து சீக்கிரம் போய்விடும், திரும்பத் திரும்பப் போடுங்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு டம்ளரில் சாக்கடைத் தண்ணீரும் தலா 20 சின்னப் புழுக்களும் எடுத்து, ஒன்றில் மட்டும் புண்ணாக்கு ஊறிய தண்ணீரை விட்டு, இரண்டின் வாயையும் வலைத்துணியால் கட்டுங்கள். பத்து நாள் கழித்து எதில் எத்தனை கொசு பறக்கிறது என்று எண்ணுங்கள். சரி, குடிதண்ணீரிலும் மீன் தொட்டியிலும் மட்டும் இது வேண்டாம்.

கேள்வி: சீத்தாப்பழ விதை, முந்திரிக்கொட்டைத் தோல்?

இரண்டும் புழுவைக் கொல்லும். ஆனாலும் வீட்டில் அரைக்காதீர்கள். சீத்தா விதைத் தூள் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். பேனுக்காகத் தலையில் தேய்த்து, கண் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் உண்டு. முந்திரித் தோல் எண்ணெய் கையைக் கொப்பளிக்க வைக்கும்.

கேள்வி: பிரிட்ஜ் பின்தட்டில் எந்தச் சாற்றை ஊற்றலாம்?

எதுவும் வேண்டாம். டெங்கு பரப்பும் ஏடிஸ், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தட்டின் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். வாரம் ஒருமுறை தட்டைக் கழற்றி, சுவரை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள்.