ஆள் எடுப்பதிலும் அலுவலகத்திலும் ஏஐ வந்துவிட்டதே, வேலை பார்ப்பவர்கள் அதைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறார்கள்?

சென்னையில் ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் ஒரு கன்சல்டன்சியில் இருக்கிறேன். நாள் முழுக்க போன்தான். வேலை தேடுபவர்கள், வேலையில் இருந்துகொண்டே வேறு இடம் பார்ப்பவர்கள், நோட்டீஸ் பீரியடில் இருப்பவர்கள் என்று எல்லோரிடமும் பேச வேண்டியிருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். 'என் வேலை போய்விடும்' என்ற பயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைவிட அதிகமாக என் காதில் விழுவது வேறு ஒரு கடுப்பு: 'என்னை வேண்டாம்னு சொன்னது யாரு, எதுக்குச் சொன்னாங்கன்னு கேக்க ஒரு ஆள் கூட இல்லையே மேடம்.'

ஆள் எடுக்கும் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பங்களை வாங்கிப் பிரித்து அடுக்கி வைக்கும் ஏடிஎஸ் மென்பொருள் பல வருடமாகவே இருக்கிறது. முன்பெல்லாம் அது சொற்களைத் தேடும். ஜாவா, செலினியம் மாதிரி மென்பொருள் பெயர்கள், எத்தனை வருட அனுபவம், அவ்வளவுதான். இப்போது அதன் மேல் ஏஐ உட்கார்ந்து, இந்த வேலைக்கு இவர் எவ்வளவு பொருத்தம் என்று மார்க் போடுகிறது. ஒரு வேலைக்கு ஆயிரக்கணக்கில் ரெஸ்யூமே குவியும்போது மேலே இருப்பதைத்தான் நாங்கள் திறந்து பார்ப்போம். 'மென்பொருள் யாரையும் நிராகரிக்கவில்லை, வரிசைதான் போட்டது' என்று எங்கள் தொழிலில் சொல்லிக்கொள்வது வழக்கம். எண்ணூறாவது இடத்தில் கிடப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு, இனிஷியல். படிவத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் ஒற்றை எழுத்தைப் போட்டால் சில தளங்கள் ஏற்காது. சரி என்று அப்பா பெயரை முழுசாகப் போட்டால், பான் கார்டில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி என்று பின்னணிச் சரிபார்ப்பில் வந்து நிற்கும். எதிரே ஒரு ஆள் இருந்தால் அரை நிமிடத்தில் தீர்கிற விஷயம்.

ஆளில்லாத வீடியோ இன்டர்வியூ இன்னொரு தலைவலி. திரையில் கேள்வி வரும், யோசிக்க முப்பது விநாடி, பதில் சொல்ல இரண்டு நிமிடம், ஓரத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். குழந்தை பிறந்ததால் சில வருடம் வேலையை விட்டிருந்த ஒரு பெண்ணை அப்படி ஒன்றுக்கு அனுப்பியிருந்தேன். மென்பொருளில் தப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் நல்ல டெஸ்டர். மூன்றாவது கேள்வியின்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழ ஆரம்பித்துவிட்டது. போய்த் தூக்கிக்கொண்டு வருவதற்குள் நேரம் முடிந்து அடுத்த கேள்வி வந்துவிட்டது. அன்று மாலை போனில் அவர் சொன்னது: 'ஆள் இருந்திருந்தா ஒரு நிமிஷம் சார்னு சொல்லிட்டுப் போயிருப்பேன் மேடம். இதுல யாரைப் பாத்துச் சொல்றது?' கம்பெனியிலிருந்து வந்தது வழக்கமான இரண்டு வரி மெயில். காரணம் கேட்டு நானும் எழுதினேன். அவர்களுக்கே தெரியாது; மார்க் குறைவு என்றார்கள், எதனால் குறைவு என்பது யாருக்கும் தெரியவில்லை.

அதற்காக முன்பெல்லாம் நியாயமாக நடந்தது என்று நான் சொன்னால் அது பொய். பத்தாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றிலும் அறுபது சதவீதம் வேண்டும், அரியர் கூடாது, படிப்பில் இடைவெளி கூடாது, இன்ன கல்லூரி என்றால் பார்க்கவே வேண்டாம் என்று கறாராகக் கழித்துக்கட்டியதெல்லாம் மனிதர்கள்தான். விருதுநகர் பக்கத்தில் ஒரு கலைக்கல்லூரியில் பி.சி.ஏ. படித்த பையன் ஒருவன் என்னிடம் சொன்னான்: 'அக்கா, மிஷின் டெஸ்ட்டாவது என் காலேஜ் பேரைப் பாத்து மூஞ்சியைச் சுளிக்கல.' அவன் சொல்வதும் சரிதான். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2023-ல் வெளியிட்ட கருத்துக்கணிப்பிலும் இந்த இரண்டு மனசும் தெரிகிறது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் கடைசி முடிவை ஏஐ எடுக்கக் கூடாது என்றவர்கள் 71 சதவீதம். ஏஐ வைத்து ஆள் எடுக்கும் இடத்துக்கு விண்ணப்பிக்கவே விருப்பமில்லை என்றவர்கள் 66 சதவீதம். அதே கணிப்பில், எல்லா விண்ணப்பங்களையும் ஒரே மாதிரி மதிப்பிடுவதில் மனிதர்களைவிட ஏஐ மேல் என்றவர்கள் 47 சதவீதம். மோசமாகச் செய்யும் என்றவர்கள் 15 சதவீதம்தான்.

ஆனால் அந்தப் பையனின் நம்பிக்கையை நான் முழுசாக ஏற்கவில்லை. அமேசான் உள்ளுக்குள் உருவாக்கிப் பார்த்த ஒரு ரெஸ்யூமே மென்பொருளைப் பற்றி 2018-ல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பத்து வருட விண்ணப்பங்களைக் காட்டிப் பழக்கியிருந்தார்கள். அதில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. 'பெண்கள் சதுரங்கக் குழுத் தலைவி' என்பது போல ரெஸ்யூமேயில் 'பெண்கள்' என்ற சொல் வந்தாலே அது மார்க்கைக் குறைத்திருக்கிறது. திருத்திப் பார்த்தும் நம்பிக்கை வராமல் கைவிட்டுவிட்டார்கள். முகத்தைச் சுளித்தது யாரோ, பழக்கம் அங்கிருந்துதான் மென்பொருளுக்கும் வருகிறது. மென்பொருளுக்குச் சுளிக்க முகம் இல்லை என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

வேலை தேடுபவர்களும் சும்மா இருப்பதில்லை. இப்போது எனக்கு வரும் ரெஸ்யூமேக்களில் பாதி ஒரே ஆள் எழுதியது போல இருக்கிறது, எல்லாம் சாட்ஜிபிடி. அவர்கள் ஏஐ வைத்து எழுத, கம்பெனி ஏஐ வைத்துப் படிக்க, நடுவில் மனுஷர் யாரும் கிடையாது. ஒருவருக்குப் பதில் இன்னொருவர் இன்டர்வியூவில் உட்காரும் ப்ராக்ஸி வித்தை நம் ஊரில் முன்பே பிரசித்தம். இப்போது அந்த ஆளும் தேவையில்லை, திரையில் பதில் ஓடுகிறது, கண் மட்டும் இடமிருந்து வலமாக நகர்கிறது. இதனால்தான் பல இடங்களில் நேரில் வரச் சொல்வது திரும்பி வருகிறது. கூகுளிலேயே ஒரு சுற்றாவது நேரில் வைக்கப்போவதாக சுந்தர் பிச்சை 2025-ல் சொன்னார். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இது பஸ் செலவு, லீவு தொல்லை. இருந்தும் என்னிடம் 'நேர்ல இருக்கா?' என்று ஆசையாகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களின் மனநிலை வேறு. டி.சி.எஸ். 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரை, அதாவது மொத்த ஊழியர்களில் 2 சதவீதத்தை, குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள். இதற்குக் காரணம் ஏஐ இல்லை, திறன் பொருந்தாததுதான் என்று அதன் தலைமை அதிகாரி கிருத்திவாசன் சொன்னார். நான் பேசியவர்களில் அதை நம்பியவர் ஒருவரும் இல்லை. அந்த வாரம் எனக்கு வந்த போன்களில் பாதி நாற்பது வயது தாண்டிய மேனேஜர்களுடையது. வீட்டுக் கடன், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், 'கோடிங் தொட்டே பல வருஷம் ஆச்சுங்க' என்ற குரல். காரணம் எதுவாக இருந்தாலும் அதை அவர்களிடம் யாரும் நம்பும்படி சொல்லவில்லை என்பதுதான் எரிச்சல்.

டீம்களுக்குள் இன்னொன்று நடக்கிறது. பலரும் ஏஐயைப் பயன்படுத்துகிறார்கள், வெளியே சொல்வதில்லை. மூன்று நாள் என்று எஸ்டிமேட் கொடுத்ததை ஒரே நாளில் முடித்தேன் என்றால், அடுத்த ஸ்பிரிண்டில், அதாவது அடுத்த வேலைச் சுற்றில், ஒரு நாள்தான் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சப்போர்ட்டில் இருப்பவர்களுக்கு வேறு மாதிரி. டிக்கெட்டை, அதாவது வந்த புகாரை, எப்படித் தீர்த்தாய் என்று விலாவாரியாக எழுதி வைக்கச் சொல்கிறார்கள், ஏஐ சாட்பாட்டுக்குக் கற்றுக்கொடுக்க. முன்பும் கே.டி. கொடுப்பது, அதாவது தெரிந்த வேலையை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது, இருந்தது. அடுத்து வருபவனுக்குக் கொடுத்துவிட்டு வேறு ப்ராஜெக்டுக்குப் போவார்கள். இப்போது கொடுத்துவிட்டு எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. ஒருவர் வேண்டுமென்றே அரைகுறையாக எழுதி வைப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவரைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெளிநாட்டில் சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. நியூயார்க் நகரில் இப்படிப்பட்ட மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் பாரபட்சம் இருக்கிறதா என்று தணிக்கை செய்து வெளியிட வேண்டும், விண்ணப்பிப்பவருக்கும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். 2023 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. வேலையிடத்தில் ஊழியரின் உணர்ச்சியை ஏஐ வைத்துக் கணிப்பதை, சில விதிவிலக்குகள் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரியிலிருந்து தடை செய்துவிட்டது. நம் ஊரில் ஆள் எடுக்கும் மென்பொருளுக்கென்று தனிச் சட்டம் இல்லை. என்னிடம் பேசுபவர்கள் சட்டம் வரைக்கும் போவதில்லை. ஏன் வேண்டாம் என்று ஒரு வரி, கேட்க ஒரு நம்பர், அவ்வளவுதான் கேட்கிறார்கள்.

எங்கள் ஆபீஸிலும் முதல் போன் அழைப்பை ஏஐ குரலே பேசும்படி சோதனை நடக்கிறது. பாதிப் பேர் அது மனுஷக் குரல் இல்லை என்று தெரிந்ததும் வைத்துவிடுகிறார்கள். மீதிப் பேரின் பதிவைக் கேட்டேன். என்னிடம் 'பாத்துப் போட்டுக் குடுங்க மேடம்' என்று இழுப்பவர்கள், அதனிடம் சம்பளம் இரண்டு மடங்கு வேண்டும் என்று கூசாமல் கேட்கிறார்கள். அதுவும் நன்றி சொல்லி எழுதி வைத்துக்கொள்கிறது. அப்புறம் பேரம் பேச நான்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.