அத்தை தரும் பத்து லட்சம்

கேள்வி: எனக்கு வயது 63. அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை. மகள் திருமணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். என் தம்பி மகனுக்கு 27 வயது, ஐ.டி. வேலை. சின்ன வயதில் பாதி நாள் என் வீட்டில்தான் வளர்ந்தான். வெள்ளியங்கிரிக்கு வருஷா வருஷம் போவான், போன குளிர்காலத்தில் உத்தராகண்டில் கேதார்கந்தா ஏறினான். இப்போது அடுத்த வருஷமே எவரெஸ்ட் ஏற வேண்டும் என்கிறான். நாற்பது லட்சம் ஆகுமாம். “நீங்க ஒரு பத்து லட்சம் கொடுங்க அத்தை, ஏறி முடிச்சதும் ஸ்பான்சர் வந்துடும், திருப்பிக் கொடுத்துடறேன்” என்கிறான். என் பணம் அஞ்சலக மூத்த குடிமக்கள் திட்டத்தில் இருக்கிறது. கொடுத்து அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று பயம். கொடுக்காவிட்டால் தம்பி குடும்பம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாது. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பையனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள், தம்பி கோபித்துக்கொள்வாரோ என்றும் பயப்படுகிறீர்கள். பணம் போய்விடுமே என்று மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. அத்தைமார்கள் இப்படித்தான். அதனால் அந்தக் கணக்கை நான் போடுகிறேன். இப்போதைய 8.2 சதவீத வட்டிக்கு அந்தப் பத்து லட்சம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்களுக்கு 20,500 ரூபாய் தருகிறது. ஐந்து வருடம் முடிவதற்குள் கணக்கை மூடினால் கொஞ்சம் பிடித்தமும் உண்டு. மருந்துக்கும் கரன்ட் பில்லுக்கும் பேரப்பிள்ளைக்கு வாங்கும் சட்டைக்கும் அந்த 20,500 எவ்வளவு உதவுகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

திரும்பி வரும் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். ஸ்பான்சர் வருவதாக இருந்தால் மலைக்குப் போகும் முன்பே வர வேண்டும். ஒவ்வொரு மே மாதமும் நூற்றுக்கணக்கான பேர் எவரெஸ்ட் உச்சியைத் தொடுகிறார்கள். இறங்கி வந்தவருக்கு விமான நிலையத்தில் மாலையும் பேப்பரில் படமும் கிடைக்கும், அதற்கு மேல் எவ்வளவு கிடைக்கும் என்பது அதிர்ஷ்டம். 2023-இல் எவரெஸ்ட் ஏறிய முத்தமிழ்ச்செல்விக்குத் தமிழக அரசு நிதி உதவி செய்தது. உங்கள் பையன் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு விண்ணப்பம் போட்டானா, கேட்டுப் பாருங்கள். அத்தை வீட்டுக் கதவைத் தட்டும் முன் தட்ட வேண்டிய கதவுகள் இருக்கின்றன.

அவன் தொகையை ஊதிச் சொல்கிறான் என்று சந்தேகப்பட வேண்டாம். நேபாள அரசின் அனுமதிக் கட்டணமே 11,000 டாலராக இருந்தது, 2025 செப்டம்பரிலிருந்து 15,000 டாலர். நம் பணத்தில் பதின்மூன்று லட்சத்தைத் தாண்டும். அதற்கு மேல் ஷெர்பா கூலி, ஆக்சிஜன் சிலிண்டர், ஏஜென்சிக் கட்டணம், வாரக்கணக்கில் கூடாரத்தில் சாப்பாடு. நாற்பது லட்சம் ஆகத்தான் செய்யும். பாதியில் திரும்பி வந்தாலும் அனுமதிக் கட்டணம் திரும்பக் கிடைக்காது.

அந்தப் பாதியில் திரும்புவதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். 1995 அக்டோபரில் யோரன் க்ராப் என்பவர் ஸ்வீடனிலிருந்து சைக்கிளிலேயே எவரெஸ்டுக்குக் கிளம்பினார். மாதக்கணக்கில் மிதித்து நேபாளம் போய், 1996 மே மாதத் தொடக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏறினார். உச்சிக்கு இன்னும் சுமார் 100 மீட்டர். பொழுது போய்விட்டது, இதற்கு மேல் போனால் இருட்டுவதற்குள் இறங்க முடியாது என்று கணக்குப் போட்டு, அங்கிருந்தே திரும்பிவிட்டார். ஒரு வாரம் கழித்து, மே 10, 11 தேதிகளில், அதே மலையில் புயலில் மாட்டி எட்டுப் பேர் இறந்தார்கள். திரும்ப வேண்டிய நேரம் தாண்டியும் ஏறிக்கொண்டிருந்தவர்கள் அவர்களில் உண்டு. க்ராப் அதே மாதம் 23-ஆம் தேதி மறுபடி ஏறி உச்சியைத் தொட்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பையன் அந்த நூறு மீட்டர் கீழே நிற்கும்போது முதுகில் சிலிண்டரோடு அத்தையின் பத்து லட்சமும் இருக்கும். உச்சியைத் தொட்டால்தான் ஸ்பான்சர், ஸ்பான்சர் வந்தால்தான் அத்தைக்குப் பணம் என்று ஒரு கணக்கை அவனே போட்டு வைத்திருக்கிறான். காற்று குறைந்த இடத்தில் மூளை ஏற்கெனவே சரியாக வேலை செய்யாது. அந்த நேரத்தில் ஒரு கடன்காரனால் “போதும், திரும்பலாம்” என்று சொல்ல முடியுமா? உங்கள் பயத்துக்கு நியாயம் இருக்கிறது, அது கடன் என்ற வார்த்தைக்குள்தான் இருக்கிறது.

(கடன் விஷயத்தில் நானும் பட்டிருக்கிறேன். சித்தப்பா மகன் பைக்கில் லடாக் போக அறுபதாயிரம் கைமாற்றுக் கொடுத்தேன். பைக் திரும்பி வந்தது. இப்போது கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால் அடுத்த பந்திக்குப் போய்விடுகிறான். பணம் போனதைவிட அதுதான் வருத்தம்.)

சரி, பையன் தயாரா? வெள்ளியங்கிரி சுமார் 6,000 அடி. கேதார்கந்தா 12,500 அடி, அது நடைப்பயணம். எவரெஸ்ட் 29,000 அடி, கயிறும், பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸில் மாட்டும் முள் சட்டமான க்ராம்பானும், ஐஸ் கோடாரியும் கைப்பழக்கமாக இருக்க வேண்டிய இடம். டார்ஜிலிங்கிலும் உத்தரகாசியிலும் மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய ஒரு மாதம், அதில் ‘ஏ’ கிரேடு வாங்கினால்தான் அடுத்த நிலைக்குச் சேர்ப்பார்கள். இந்த இரண்டையும் முடித்து, ஒரு 6,000 மீட்டர் சிகரம், அப்புறம் லடாக்கில் 7,135 மீட்டர் உயர நன் சிகரம் மாதிரி ஒன்று என்று போனால் மூன்று நான்கு வருடம் ஆகும். தன் நாட்டில் உள்ள 7,000 மீட்டர் சிகரம் ஒன்றை ஏறியவர்களுக்குத்தான் எவரெஸ்ட் அனுமதி என்று நேபாளமே 2025-இல் சட்ட மசோதா கொண்டுவந்தது. அனுபவமில்லாத கூட்டத்தைப் பார்த்து அவர்களுக்கே பயம் வந்துவிட்டது.

அதனால் எவரெஸ்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள், அந்த இரண்டு பயிற்சிகளுக்குக் கொடுங்கள். நல்ல பூட்ஸும் ஜாக்கெட்டும் வாங்கிக் கொடுங்கள். பத்து லட்சத்தில் சின்னத் துண்டுதான் செலவாகும், அஞ்சலகக் கணக்கைத் தொடவே வேண்டியிருக்காது. திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லியே கொடுங்கள்.

தம்பி கோபித்துக்கொண்டால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நீ எவ்வளவுப்பா போடறே?” அவர் சொல்லும் தொகையிலேயே உங்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

பையனிடம் போனில் பேச வேண்டாம். வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, “உச்சி கண்ணுக்குத் தெரியுது, ஆனா நேரமாயிடுச்சு. எத்தனை மணிக்குத் திரும்புவே?” என்று கேளுங்கள். “அதெல்லாம் அங்க போய்ப் பார்த்துக்கலாம் அத்தை” என்றால் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுங்கள். யோசிக்காமல் ஒரு மணி சொன்னான் என்றால், பயிற்சிக் கட்டணத்துக்கான செக்கை அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.