குளிர் தொடங்கினாலும் பூ இருக்கு, தங்கச்சி

கோடை முடிவில் ரொறன்ரோ வந்தேன், வாடகை வீட்டின் பின்பக்கம் ஒரு துண்டு நிலம் இருக்கிறது, குளிரத் தொடங்கிவிட்டது, இனி வசந்தம் வரை பூவே இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது தங்கச்சி. நகரத்துக்குள் முதல் உறைபனி பெரும்பாலும் ஒக்ரோபர் நடுப்பகுதிக்குப் பிறகுதான். அதையும் தாங்கி நிற்கிற பூக்கள் உண்டு.

செவ்வந்தியை இப்போது எந்தப் பலசரக்குக் கடை வாசலிலும் காண்பீர்கள். இரவு நீளும்போதுதான் அது மொட்டு வைக்கும். முழுக்க விரிந்த சட்டியை எடுக்காதீர்கள். மொட்டு நிறைந்து, அங்கொன்று இங்கொன்று விரிந்ததாகப் பாருங்கள், பல வாரம் நிற்கும். ஆனால் அதை நிலத்தில் நட்டு அடுத்த வருடமும் வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். வேர் பிடிக்கமுன் மண் உறைந்துவிடும்.

என் மனதுக்கு நெருக்கமானது அஸ்ரர். அதிலும் நியூ இங்கிலண்ட் அஸ்ரர் ஒன்ராறியோ மண்ணுக்கே உரியது. வீதியோரங்களில்கூடத் தானாக வளர்ந்து நிற்கும். ஊதா இதழ், நடுவில் மஞ்சள். மற்றப் பூக்கள் குறைந்துபோன நேரத்தில் தேனீக்களுக்கும், மெக்சிக்கோவுக்குப் புறப்படுகிற மொனாக் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் அதன் தேன் பெரிய உதவி. செப்ரெம்பருக்குள் நட்டுவிட்டால் வருடா வருடம் வரும். அதன் பக்கத்தில் மஞ்சளாக நிற்கிற கோல்டன்ரொட்டைக் காட்டி, தும்மல் வரும், பிடுங்கு என்று யாராவது சொல்லுவார்கள். கேட்காதீர்கள். அதன் மகரந்தம் பாரமானது, ஒட்டும், காற்றில் பரவாது. தும்ம வைப்பது அதே காலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் பூக்கிற ராக்வீட் என்ற களை.

தடித்த இலையுள்ள சீடம் செடி ஒன்றும் வையுங்கள். இளஞ்சிவப்பாகத் தொடங்கி செங்கல் நிறத்துக்கு மாறும். காய்ந்த பிறகும் வெட்ட வேண்டாம், பனிக்குள்ளும் அழகாக நிற்கும். வாசல் சட்டிக்குப் பான்சி போதும், லேசான உறைபனி அதை ஒன்றும் செய்யாது.

கறிவேப்பிலைச் சட்டி வெளியே இருந்தால், இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போகமுன் உள்ளே எடுங்கள். அப்புறம், வசந்தத்தில் பூப்பதற்கு ஒக்ரோபரில் டஃபடில் கிழங்கு புதையுங்கள். ரியூலிப்பை அணில் தோண்டித் தின்னும், டஃபடிலைத் தொடாது. மண்ணைக் கொத்தமுன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.