சங்கிலியைக் கழற்றச் சொன்ன மத்தியஸ்தர்

வணக்கம் ஐயா,

பாலையூற்றில் இருக்கிறோம், கத்தோலிக்கக் குடும்பம். 16 வயது மகன் கழகத்துக்கு உதைபந்து விளையாடுகிறான். ஞாயிறு காலையில் பயிற்சி, பூசை தவறுகிறது. போன போட்டியில் மத்தியஸ்தர் சிலுவைச் சங்கிலியைக் கழற்றச் சொல்ல, மாட்டேன் என்று நின்று மஞ்சள் அட்டை வாங்கினான். தவக்காலம் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடுகிறான். "சரீர முயற்சி அற்பம் என்று பவுலே சொல்லியிருக்கிறார், விளையாட்டை விடச் சொல்லுங்கோ" என்கிறார் செபக் குழுப் பெரியவர் ஒருவர். என்ன செய்ய?

ஒரு தாய், திருகோணமலை

அன்புள்ள சகோதரிக்கு,

சங்கிலி விஷயத்தில் பிழை மகனுடையதுதான். உதைபந்தாட்டத்தின் 4ஆம் விதிப்படி மாலை, மோதிரம், தோடு, இறப்பர் வளையம் எதுவும் போடக்கூடாது. பிளாஸ்டர் ஒட்டி மறைத்தாலும் செல்லாது. கோணர் உதை அடிக்கும்போது கோலடியில் ஆளை ஆள் இழுப்பார்கள். அப்போது சங்கிலியில் விரல் மாட்டினால் இழுத்தவன் விரலும் கிழியும், போட்டவன் கழுத்தும் அறுபடும். இந்துப் பிள்ளையின் கைக்காப்புக்கும் இதே சட்டம்தான், எனவே விசுவாசத்துக்கு வந்த சோதனை என்று எடுக்க வேண்டாம். வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகட்டும். உள்சட்டையில் வசனம் எழுதிப் போடுவதும் அதே விதியில் தடை. கோல் அடித்த சந்தோஷத்தில் மேற்சட்டையைக் கழற்றினால் இன்னொரு மஞ்சள் அட்டை.

பெரியவர் சொன்ன வசனம் 1 தீமோத்தேயு 4:8. அதற்கு ஐந்து வசனம் முன்னால், விவாகத்தையும் சில உணவுகளையும் தடுக்கிறவர்களைப் பவுல் கண்டிக்கிறார். உடலை வெறுப்பவர்களுக்கு எதிரான அதிகாரம் அது. தேவபக்தியோடு ஒப்பிட்டால் பயிற்சியின் பயன் கொஞ்சம் என்கிறாரே தவிர, விடச் சொல்லவில்லை. கொரிந்தியருக்கு எழுதும்போது ஓட்டப்பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் உதாரணம் காட்டுகிறார். அவர்களுடைய கொரிந்து நகரத்துக்குப் பக்கத்தில்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பழைய கிரேக்கரின் இஸ்த்மிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன.

திருகோணமலையில் இருந்துகொண்டு விளையாட்டை உலகக் காரியம் என்பது எனக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது. இங்கே புனித சூசையப்பர் கல்லூரியில் கூடைப்பந்தாட்டம் பழக்கியவர், 1990இல் காணாமற்போன இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார். கூடைப்பந்தாட்டம் 1891இலும், நம் தேசிய விளையாட்டான கரப்பந்தாட்டம் 1895இலும் பிறந்தது அமெரிக்காவின் வை.எம்.சி.ஏ. எனும் கிறிஸ்தவ வாலிபர் சங்கங்களில்.

ஞாயிறு பூசைக்கு வழி இருக்கிறது. திருச்சபைச் சட்டம் 1248இன்படி சனிக்கிழமை மாலைப் பூசையும் ஞாயிறு கடனுக்குச் சேரும். அதுவும் இல்லாத கிழமைகளுக்காகப் போட்டி அட்டவணை கைக்கு வந்த அன்றே பரிசுத்த வாரத்தையும் சிக்கலான ஞாயிறுகளையும் குறித்துப் பயிற்றுநரிடம் கொடுங்கள். அணி தெரிவுக்கு முன்பு சொன்னால் அவர் மாற்று ஆள் பார்ப்பார். போட்டியன்று காலையில் சொன்னால் பத்துப் பேரை நடுவழியில் விட்ட கதைதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்கொட்லாந்து ஓட்டவீரர் எரிக் லிடெல் ஞாயிறு என்பதற்காக 100 மீற்றரை விட்டவர். கடைசி நேரத்தில் மறுத்தார் என்று பலர் நினைக்கிறார்கள். அட்டவணை மாதக்கணக்கில் முன்பே தெரிந்ததால் 400 மீற்றருக்குப் பயிற்சி எடுத்துப் போய், 47.6 செக்கனில் தங்கம் வென்றார்.

தண்ணீர் விஷயத்தை இன்றே நிறுத்துங்கள். கத்தோலிக்க நோன்புக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான், அதுவும் விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும். 14 நிறைந்தவனுக்கு இறைச்சி தவிர்ப்பு உண்டு, அவ்வளவே. தண்ணீர் நம் நோன்பு எதையும் முறிக்காது. நற்கருணைக்கு முந்திய ஒரு மணித்தியாலத்திலும் குடிக்கலாம். பயிற்சிக்கு இரண்டு மணித்தியாலம் முன்பு அரை லீற்றர், பிறகு 15–20 நிமிடத்துக்கு ஒருமுறை 150–200 மில்லிலீற்றர். நம் வெயிலில் வெறும் வயிற்றோடு தண்ணீரும் இல்லாமல் ஓடுபவனுக்கு முதலில் தசை பிடிக்கும், பிறகு தலை சுற்றும். அதற்கு மேலும் ஓடினால் ஆஸ்பத்திரிதான். தவம் செய்ய ஆசையென்றால் 40 நாள் மத்தியஸ்தரிடம் வாய் காட்டாமல் இருக்கட்டும். அது இன்னும் கஷ்டம்.

போட்டிக்கு முன் செபிக்கட்டும், ஒருவருக்கும் காயம் வரக்கூடாது என்று, எதிரணியையும் சேர்த்து. எல்லா மதப் பிள்ளைகளும் உள்ள அணியில் வட்டமாக நிறுத்திச் சத்தமாகச் செபிக்க வேண்டாம். ஒரு நிமிடம் மௌனம் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் உண்டு. விதிப்படி போட்டியிடாதவனுக்கு வெற்றி முடி கிடையாது என்கிறது 2 தீமோத்தேயு 2:5. பெனால்டிப் பெட்டிக்குள் பொய்யாக விழுந்து பெனால்டி கேட்பதும், வயது கூடியவனை இன்னொருவன் பிறப்புச் சான்றிதழில் இறக்குவதும் அதில்தான் வரும். மகன் கழகத்தில் அப்படி யாராவது கேட்டால், கழகத்தை விட, பூசை தவறுவதைவிடப் பெரிய காரணம் அது. அன்றைக்குக் கழகத்தை மாற்றுங்கள்.