முதலில் காலண்டர், அப்புறம் மேப்: வாசகர் கேள்வி - பதில்

கே: வேலைக்காக நெல்லையிலிருந்து வந்து இரண்டு வருஷமாகிறது அம்மா. சனி, ஞாயிறு ஆனால் மால், இல்லாவிட்டால் பெசன்ட் நகர் பீச். சென்னையை எங்கே ஆரம்பித்துப் பார்ப்பது? - ஒரு வாசகி, பெரும்பாக்கம்

ஜார்ஜ் டவுனில். ஏழுகிணறு பக்கம் வளர்ந்தவள் வேறென்ன சொல்வேன்! சனிக்கிழமை காலை பத்து மணிவாக்கில் ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி, அரண்மனைக்காரத் தெருவுக்கு நடந்து வாருங்கள். அங்கேதான் ஆர்மீனிய தேவாலயம். 1772-ல் கட்டியது. தரையெல்லாம் கல்லறைக் கற்கள். நமக்கு ஓர் எழுத்தும் புரியாது. உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை ‘அஸ்தரார்’ 1794-ல் அச்சானது ஆர்மீனியாவில் இல்லை, நம் மதராஸில். அதை நடத்திய ஷ்மாவோனியன் பாதிரியாரும் இங்கேதான் அடங்கியிருக்கிறார். வாசலுக்கு வெளியே மூட்டை ஏற்றுகிற கூச்சல். உள்ளே காக்கை சத்தம் மட்டும்தான்.

அப்படியே மேற்கே நடந்தால் ராசப்ப செட்டித் தெரு. சுக்கு, கடுக்காய், வசம்பு என்று நாட்டு மருந்து வாசனையே கந்தகோட்டத்துக்கு வழி காட்டிவிடும். சின்ன வயதில் வள்ளலார் பாடிப் பரவிய முருகன். பகலில் நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டாம். அத்தோவுக்கென்றே இன்னொரு சாயங்காலம் செகண்ட் லைன் பீச் தெருவுக்கு வாருங்கள். 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய தமிழர்கள் கூடவே கொண்டுவந்த சாப்பாடு அது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், நொறுக்கிய பேஜோ (தட்டை மாதிரி மொறுமொறுப்பு), புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், எல்லாவற்றையும் கடைக்காரர் கையாலேயே பிசைந்து தருவார். கூடவே வாழைத்தண்டு சூப். கடையில் வயதானவர் யாராவது இருந்தால், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, “ரங்கூனா, மோல்மேனா?” என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் நீங்கள் பேசவே வேண்டியிருக்காது.

கே: எந்த விழா எப்போது என்று முன்கூட்டித் தெரிவதே இல்லை. நல்ல ஆப் ஏதாவது உண்டா? - ஒரு வாசகர், அண்ணா நகர்

ஆப் எதற்கு, வீட்டில் கிழிக்கிற தினசரிக் காலண்டர் இருக்கிறதே! ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் மயிலாப்பூருக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம்... “இதையெல்லாம் பார்க்காமலே போகிறாயா?” என்று, பாம்பு கடித்து இறந்துபோன பூம்பாவையைப் பார்த்துக் கேட்கிறார். அவள் சாம்பலிலிருந்து எழுந்து வந்தாள் என்பது ஐதீகம். அண்ணா நகரிலிருந்து நீங்கள் வரக் கூடாதா?

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் மூன்றாம் நாள் அதிகார நந்தி, ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர். எல்லோரும் அறுபத்துமூவருக்குத்தான் முண்டியடிப்பார்கள். என் ஓட்டு அதிகார நந்திக்கு. விடிகாலையில் போனால் ஓரளவு நின்று பார்க்க இடமிருக்கும். அறுபத்துமூவரை விடமாட்டேன் என்றால் காரை வீட்டிலேயே வைத்துவிட்டு, பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்குங்கள். மாடவீதிகளைச் சுற்றி மோர், பானகம், புளியோதரை என்று கையில் திணித்துக்கொண்டே இருப்பார்கள். வேண்டாம் என்று சொல்வதைவிட வாங்கிக்கொள்வது சுலபம். தொன்னையைத் தெருவில் போடாதீர்கள்.

கே: ராகம் தெரியாது, தாளம் தெரியாது. டிசம்பர் கச்சேரிக்குப் போனால் கேலி செய்வார்களா? - ஒரு வாசகர், தாம்பரம்

பக்கத்து சீட் மாமா தொடையில் தாளம் போடுவதில் மும்முரமாக இருப்பார். உங்களைக் கவனிக்க அவருக்கு ஏது நேரம்! பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. இளசுகள் உயிரைக் கொடுத்துப் பாடும் நேரம் அதுதான். முன் வரிசையில் போய் உட்காருங்கள். ஒன்றே ஒன்று: தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ஒரு கூட்டம் கேன்டீனுக்குக் கிளம்பும். அந்தக் கூட்டத்தோடு எழுந்து போகாதீர்கள். ராகம் தெரியாதவருக்கும் மிருதங்கமும் கடமும் போட்டி போடுவது புரியும். அடை அவியல் எங்கேயும் ஓடிவிடாது.

கே: சென்னைக்கு வயது 380 சொச்சம்தானா? - ஒரு வாசகி, கொளத்தூர்

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு இடம் எழுதிக் கொடுத்த 1639 ஆகஸ்ட் 22-ஐ வைத்துப் போட்ட கணக்கு அது. 2004-லிருந்து அந்த நாளை ‘மெட்ராஸ் டே’ என்று கொண்டாடுகிறார்கள். அந்த வாரம் நடக்கும் நடைப்பயணங்களும் பேச்சுகளும் அருமையாக இருக்கும், போய் வாருங்கள். ஆனால் இந்த 380 சொச்சத்தைத் திருவல்லிக்கேணிக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள். அங்கே ஆழ்வார் பாடிய பெருமாள் இருக்கிறார்.

கே: கலை என்றாலே மயிலாப்பூர்தானா? எங்கள் வடசென்னை கண்ணில் படாதா? - ஒரு வாசகர், வியாசர்பாடி

நியாயமான கோபம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியதே ராயபுரத்திலிருந்துதான். அந்தத் தூண்கள் வைத்த கட்டடம் இன்னும் நிற்கிறது; ஏறி இறங்குகிறவர்கள்தான் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஆடி மாதம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் கூழ், பம்பை, உடுக்கை. கானாவுக்கு ஸ்டேஜ் கிடைத்தது இப்போதுதான். சாவு வீட்டில் விடிய விடியப் பாடி, செத்தவரின் குணத்தையும் குறும்பையும் சேர்த்துச் சொல்லி அழவும் சிரிக்கவும் வைத்த பாட்டு அது. அழைப்பில்லாமல் அங்கே கேமராவோடு போய் நிற்பது மட்டும் கூடாது. வெளியூர்க் கலைஞர்களைப் பார்க்கப் பொங்கல் சமயத்துச் சென்னை சங்கமம் இருக்கிறது. பார்க்குகளிலும் மைதானங்களிலும் பறை, கரகம், ஒயில், தெருக்கூத்து, எல்லாம் இலவசம். ஸ்டேஜில் ஒவ்வொரு குழுவுக்கும் கொடுக்கிற நேரம் எனக்குப் போதவில்லை. பின்பக்கம் போனால் பறையைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள்; பேச்சுக் கொடுத்தால் ஆசையாகச் சொல்வார்கள்.

கே: ரம்ஜானில் மசூதியில் நோன்புக் கஞ்சி மற்றவர்களும் வாங்கலாமா? - ஒரு வாசகி, சைதாப்பேட்டை

தாராளமாக. திருவல்லிக்கேணியில் 1795-ல் கட்டிய வாலாஜா மசூதியில், நோன்பு திறப்பவர்களுக்குச் சாப்பாடு சமைத்து எடுத்துவந்து பரிமாறுவதே மயிலாப்பூர் சூஃபிதார் கோயிலைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள்தான், பல வருஷமாக. கஞ்சிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் தெருவுக்குப் பக்கத்து மசூதியிலேயே சாயங்காலம் அஸர் தொழுகை வாக்கில் விசாரியுங்கள். மூடி இறுக்கமான தூக்காக எடுத்துப் போங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார்கள்.