மாலத்தீவு ரிசார்ட்டில் ஸ்நார்க்கெலிங் போதுமா, ஸ்கூபாவும் செய்ய வேண்டுமா? எனக்கு நீச்சல் தெரியாது.

முதன்முறையாக மாலத்தீவு போகிறீர்கள். ஒரே ரிசார்ட்டில் ஐந்து இரவு. மனைவிக்கு ஓரளவு நீச்சல் வரும், உங்களுக்கு வராது. குழாயால் மூச்சு விட்டபடி நீர்மட்டத்தில் மிதந்து பார்ப்பது ஸ்நார்க்கெலிங், காற்றுச் சிலிண்டரோடு ஆழத்தில் இறங்குவது ஸ்கூபா. இந்த இரண்டில் எதற்குக் காசு செலவழிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையுமே செய்யலாம். ஆனால் அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது எந்தத் தீவு என்பதைத்தான்.

பெரும்பாலும் நம்மவர்கள் ரிசார்ட்டைத் தேர்ந்தெடுப்பது தண்ணீருக்கு மேல் கட்டிய வில்லாவின் படத்தைப் பார்த்து. படத்தில் கடல் இளநீலமாக மின்னும். அடியில் வெறும் வெள்ளை மணல் கிடப்பதால்தான் அந்த நிறம். அங்கே இறங்கினால் மார்பளவு தண்ணீரும், அங்கொன்றும் இங்கொன்றுமாக மீனும்தான் இருக்கும். மீன்கள் மொய்ப்பது, லகூன் எனப்படும் அந்த ஆழமற்ற நீர்ப்பரப்பு முடிந்து, கடல் சட்டென்று ஆழமாகும் விளிம்பில். சில தீவுகளில் அந்த விளிம்பு கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும். சிலவற்றில் அதைப் பார்க்கவே படகு ஏற வேண்டும், ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம்.

கரையிலிருந்தே போய்வரக்கூடிய பவளத்திட்டை அங்கே ஹவுஸ் ரீஃப் என்கிறார்கள். விலமெந்தூ, எல்லைதூ, பியாதூ, பாரோஸ் போன்ற தீவுகள் இதற்காகவே நெடுநாளாகப் பேர் வாங்கியவை. வேறு தீவைப் பார்த்துவைத்திருந்தால் கூகுள் மேப்பில் சேட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தீவைச் சுற்றி இளநீலம், அதையடுத்து பழுப்பாக ஒரு பட்டை, அப்புறம் கருநீலம் என்று தெரியும். அந்தப் பழுப்புப் பட்டை கரைக்கு எவ்வளவு அருகில் வருகிறதோ, அவ்வளவுக்கு அந்தத் தீவு உங்களுக்கு ஏற்றது.

கூடவே, கடைசி சில மாதங்களில் அங்கே போய்வந்தவர்கள் எழுதியதையும் படியுங்கள். கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பவள உயிரி தன் உடலுக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிடும். அதற்கு நிறமும் உணவின் பெரும்பகுதியும் அந்தப் பாசியால்தான் கிடைக்கின்றன. சூடு நீடித்தால் வெளுத்த பவளம் செத்துப்போகும். மாலத்தீவில் 1998-இல் ஆழமில்லாத பகுதிகளின் பவளம் பெருமளவு அழிந்தது. மெல்ல மீண்டு வந்ததை 2016-இல் இன்னொரு வெப்ப அலை அடித்தது. 2024-இலும் வெளுப்பு ஏற்பட்டது. அதனால் பத்து வருடத்துக்கு முந்தைய படங்களை நம்பிப் போக வேண்டாம். பவளம் நொந்துபோன இடத்திலும் மீனும் ஆமையும் நிறையவே இருக்கும். ஆனாலும் சாம்பல் நிறத்தில் கிடக்கும் அந்தக் கிளைகளுக்கு மேலே மிதக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கனக்கும்.

சரி, இனி ஸ்நார்க்கெலிங். நீச்சல் தெரியாதவரும் செய்யலாம், லைஃப் ஜாக்கெட்டோடு, துணையோடு. முதல் நாள் விளிம்புப் பக்கமே போக வேண்டாம். காலூன்றி நிற்கும் ஆழத்தில் முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்து, வாயால் மூச்சு விட்டுப் பழகுங்கள். முதலில் நெஞ்சு படபடக்கும், மூச்சு சின்னச் சின்னதாக வரும். வெளியே விடும் மூச்சை வேண்டுமென்றே நீளமாக்கினால் அடங்கிவிடும். குழாயில் தண்ணீர் புகுந்தால் பலமாக ஊதித் தள்ளுங்கள். இந்த இரண்டும் கைவந்துவிட்டால் பயத்தில் முக்கால்வாசி போய்விடும்.

மாஸ்க் பற்றி ஒரு வார்த்தை. நம்மூர் ஆண்களுக்கு இருக்கும் தொல்லை மீசை. மாஸ்க்கின் கீழ் விளிம்பு தோலோடு ஒட்டாமல் மீசை மேல் உட்காரும், தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கசிந்து மூக்கை நிரப்பும். மீசையை எடுக்கத் தேவையில்லை. மூக்குக்கு நேர் கீழே ஒரு கோடு அளவுக்கு மழித்துவிட்டால் விளிம்பு உட்கார இடம் கிடைக்கும். கண்ணாடி போடுபவர் என்றால் பவர் வைத்த மாஸ்க் உண்டா என்று ரிசார்ட்டின் டைவ் சென்டரில் முன்கூட்டியே மெயில் போட்டுக் கேளுங்கள். மங்கலாகத் தெரியும் பவளத்திட்டுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாம் விட்ட மூச்சே உள்ளே தங்கிவிடும் அபாயம் அதில் உண்டு, அவசரத்துக்குச் சட்டென்று கழற்றவும் முடியாது.

இப்படிப் பழகிய பிறகு, வழிகாட்டியோடு விளிம்புக்குப் போங்கள். கீழே மணல், அப்புறம் பவளம், அப்புறம் தரையே காணாமல் போய் நீலம் மட்டும் இருக்கும். அந்த இடத்தில் உடல் கூசும், ஆனால் லைஃப் ஜாக்கெட் தாங்கிக்கொள்ளும். விளிம்பையொட்டி மெதுவாக மிதந்தாலே போதும், காலை உதைத்து ஓட வேண்டாம். பவளத்தைக் கொறிக்கும் கிளிமீனின் சத்தம் 'கறுக் கறுக்' என்று காதில் விழும். அது தின்ற சுண்ணாம்பு, கழிவாக வெளியேறி, நீங்கள் காலையில் நடந்த வெள்ளை மணலில் சேருகிறது. பொந்துக்குள்ளிருந்து அஞ்சாலை என்ற பாம்பு போன்ற மீன் வாயைத் திறந்து திறந்து மூடும். மிரட்டுகிறது என்று தோன்றும். அது மூச்சு விடும் விதமே அப்படித்தான். பூப்போல விரிந்திருக்கும் கடல் சாமந்தி என்ற உயிரி ஒன்றைக் கண்டால் அதன் மேல் கொஞ்ச நேரம் நில்லுங்கள். உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும் ஆரஞ்சு நிற மீனுக்கு முகத்தில் ஒரே ஒரு வெள்ளைப் பட்டை, வயிற்றுத் துடுப்புகள் கறுப்பு. இந்த இனம் பெரும்பாலும் மாலத்தீவு, இலங்கைக் கடல்களை ஒட்டித்தான் இருக்கிறது. உள்ளங்கை அளவே இருக்கும் அது, தன் சாமந்தியைக் காக்க உங்கள் முகத்தை நோக்கி நேராகப் பாய்ந்து வரும்.

பயப்பட வேண்டியது சுறாவுக்கு அல்ல. கரையோரம் சுற்றும் கருமுனைச் சுறாக்கள் மனிதரைக் கண்டால் விலகித்தான் போகும். 2010-இல் சுறாப் பிடிப்பைத் தடை செய்த நாடு அது, அதனால் நிறையவே பார்ப்பீர்கள். முட்டையிட்டிருக்கும் பெரிய கிளாத்தி (டிரிகர்ஃபிஷ்) மீனிடம்தான் கவனம் தேவை. அது துரத்திக் கடிக்கும். தன் கூட்டுக்கு மேலே கூம்பு வடிவில் விரியும் இடம் முழுவதையும் தன் எல்லையாக அது நினைப்பதால், நேராக மேலே போகாமல் பக்கவாட்டில் விலகிவிடுங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து நீரோட்டம். பவளத்திட்டில் படகு நுழைவதற்கும் கடல் நீர் வந்துபோவதற்கும் இருக்கும் இடைவெளிகளில் இழுப்பு பலமாக இருக்கும். எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும், இன்று இழுப்பு எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு நாளும் டைவ் சென்டரில் கேட்டுவிட்டு இறங்குங்கள். மனைவிக்கு நீச்சல் தெரியும் என்பதற்காக அவரையும் தனியே விட வேண்டாம்.

அடுத்தது ஸ்கூபா. சான்றிதழ் கோர்ஸுக்கு 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். மாஸ்க், ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு), ஸ்நார்க்கெல் போட்டுக்கொண்டால் 300 மீட்டர். அது உங்களுக்கு இப்போது வேண்டாம். ஒருநாள் அறிமுக டைவுக்கு நீச்சல் கட்டாயமில்லை, 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப் போக மாட்டார்கள், பயிற்றுநர் உங்களைப் பிடித்தபடியே வருவார். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவைச் சிகிச்சை இருந்தால் மருத்துவப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கவே கூடாது.

கீழே இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று காது. 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். அதில் முதல் சில மீட்டரில்தான் காது அதிகம் திணறும். வலி வரும்வரை காத்திருக்காமல், மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக்கொண்டே இறங்குங்கள். அடைத்தால் கையால் சைகை காட்டி ஒரு மீட்டர் மேலேறி மறுபடி முயலுங்கள். இரண்டாவது, மூச்சை அடக்கவே கூடாது. மேலே ஏறும்போது நுரையீரலில் இருக்கும் காற்று விரியும், அடக்கினால் நுரையீரல் கிழியும். 'அமைதியாக மூச்சு விடு' என்று பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

ஸ்கூபாவில் கிடைப்பது நேரம். ஒரு பாறைக்குப் பக்கத்தில் அதே ஆழத்தில் அசையாமல் நிற்கலாம், ஆமை மேய்வதைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கலாம். ஆனால் ஸ்கூபாதான் உயர்ந்தது, ஸ்நார்க்கெலிங் அதற்கு ஒரு படி கீழே என்று நினைக்க வேண்டாம். வெயில் நன்றாக விழும் முதல் சில மீட்டரில்தான் நிறம் முழுதாகத் தெரியும். ஆழம் போகப் போக சிவப்புதான் முதலில் மறையும். பா அட்டோல் என்ற தீவுக்கூட்டத்தில் இருக்கும் ஹனிஃபாரு விரிகுடாவில் மேண்டா திருக்கைகள் கூட்டமாக இரை தேடுவதைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். அங்கே ஸ்கூபாவுக்கு அனுமதியே கிடையாது, ஸ்நார்க்கெல் மட்டும்தான். அந்தக் காட்சி தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஏறத்தாழ ஜூன் முதல் நவம்பர் வரை கிடைக்கும். மழையில்லாமல் தெளிந்த தண்ணீர்தான் முக்கியம் என்றால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை போங்கள்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் தினமும் காலையிலும் மாலையிலும் ஹவுஸ் ரீஃபில் இறங்குவேன். மூன்றாம் நாள், தண்ணீர் பழகிய பிறகு, இருவரும் சேர்ந்து ஓர் அறிமுக டைவ். முதுகு வெயிலில் வெந்துவிடும், முழுக்கை நீச்சல் சட்டை எடுத்துப் போங்கள். எதன் மேலும் காலூன்ற வேண்டாம், கரையில் கிடக்கும் பவளத் துண்டைக்கூடப் பெட்டியில் வைக்க வேண்டாம். அதை நாட்டைவிட்டு எடுத்துப் போவது சட்டப்படி குற்றம்.

டைவை ஐந்தாம் நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். ரிசார்ட்டிலிருந்து தலைநகர் மாலேவுக்குத் திரும்பக் கடல் விமானம் என்றால் அதற்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். தண்ணீர் மட்டத்தில் மிதக்கும் ஸ்நார்க்கெலிங்குக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, கிளம்பும் நாள் காலையில்கூட இறங்கலாம்.