ஒரே மருந்து, இரண்டு எண்கள்: எதை எடுப்பது?

வெள்ளவத்தையிலிருந்து ஓர் இறுதியாண்டு மாணவி கேட்கிறார்: "நீரிழிவுக்குப் பயன்படுத்தும் கொத்தலஹிம்புட்டு என்ற மூலிகைக் கொடியில் உள்ள சலாசினோல் என்ற சேர்மம் பற்றி ஆய்வு செய்கிறேன். ஒப்பிட அகார்போஸ் என்ற நீரிழிவு மருந்தை எடுத்தேன். குடலில் மாச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் அல்பா குளுக்கோசிடேஸ் நொதியத்தை அது பாதியளவு தடுக்கத் தேவையான செறிவு, அதாவது ஐசி50 (IC50), கெம்பிள் (ChEMBL) என்ற மருந்துத் தரவுத்தளத்தில் ஒரு வரியில் மிகச் சிறியது. இன்னொன்றில் நூற்றுக்கணக்கான மைக்ரோமோலர். எது சரி?"

இரண்டுமே சரியாக இருக்கலாம். எண்ணைப் பார்க்குமுன் அது எந்த உயிரியின் நொதியம் என்ற கட்டத்தைப் பாருங்கள். மதுவத்தின் நொதியம் மலிவு, வாங்குவது சுலபம்; அதனால் பலர் அதில்தான் சோதிக்கிறார்கள். அகார்போஸோ அதில் வெகு மந்தம். எலிக் குடல் நொதியத்தில் அதே மருந்து நன்றாக வேலை செய்யும். கொத்தலஹிம்புட்டு மரக்கோப்பையில் ஊறிய தண்ணீரைக் குடிப்பவர் மனிதர்தானே? மனித நொதிய வரிகளை முதலில் எடுங்கள், இல்லையென்றால் எலி. மதுவத்தைத் தனியே வையுங்கள்.

அப்புறம், ஐசி50ஐயும், தடுப்பான் நொதியத்தோடு எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்பதைக் காட்டும் கேஐயையும் (Ki) ஒரே நிரலில் கலக்காதீர்கள். கீழ்ப்படை, அதாவது நொதியம் உடைக்கும் பொருள், சேரும் இடத்துக்கே போட்டியிடும் போட்டித் தடுப்பானுக்கு ஐசி50, கீழ்ப்படையின் செறிவோடு ஏறி இறங்கும். அந்தச் செறிவு, நொதியம் தன் உச்ச வேகத்தில் பாதியில் இயங்கும் கேஎம் (Km) அளவுக்குச் சமமானால் ஐசி50 கேஐயின் 2 மடங்கு. செறிவு தெரியாவிட்டால் மாற்றவே முயலாதீர்கள்.

அலகையும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். மைக்ரோவை நானோ என்று வாசித்து ஒரு வாரம் முழுக்கச் சந்தோஷமாகத் திரிந்தவன் நான். எண்ணுக்கு முன்னால் "விடப் பெரிது" குறி இருந்தால், சோதித்த உச்ச செறிவிலும் பாதித் தடுப்புக் கிடைக்கவில்லை என்று பொருள். அதைச் சராசரியில் சேர்க்கக் கூடாது.

பைண்டிங்டிபி (BindingDB) என்ற இன்னொரு தரவுத்தளத்திலும் அதே எண் இருக்கிறது, ஆகவே உறுதி என்று நினைக்கிறீர்களா? அத்தளம் கெம்பிளின் தரவுகளையும் எடுத்து வைத்திருக்கிறது. இரண்டும் ஒரே கட்டுரையைக் காட்டினால் சாட்சி ஒன்றுதான். அமெரிக்கக் காப்புரிமைகளிலிருந்து பைண்டிங்டிபி தானே திரட்டியவை வேறு கதை, அவற்றைத் தேடிப் பாருங்கள்.

முழுத் தரவுத்தளத்தையும் இறக்கி போன் டேட்டாவைக் கரைக்க வேண்டாம். நொதியத்தின் பெயரில் வடிகட்டி அந்த வரிகளை மட்டும் இறக்குங்கள். சில நூறு வரிகளென்றால் எக்செல் போதும். ஆய்வறிக்கையில் போடப்போகும் எண்ணுக்கு மட்டுமாவது மூலக் கட்டுரையைத் திறந்து அட்டவணையைச் சரிபாருங்கள்.